இடது மரை

1943 ஜூன் 7, திங்கள்

ஜப்பான்காரன் கணக்கில் வருஷத்தை 2603 என்று எழுத வேண்டுமாம். இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்: குருண் ஊருக்குப் பக்கத்தில் உள்ள இந்த ரப்பர் தோட்டத்தின் லாரிப் பட்டறையை ஒரு மடையன் நடத்துகிறான். பெயர் லியோனார்ட். வெள்ளைக்காரன் காலத்தில் டிரைவர். ஜப்பான்காரன் பாட்டை எல்லோருக்கும் முந்தி மனப்பாடம் செய்தான். இப்போது பட்டறைத் தலைவன். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து, தோட்டத்து லாரியின் உதிரிப் பாகம் ஒவ்வொன்றையும் பினாங்குக்கு எழுதி வரவழைத்த நான், மரவள்ளிக் கிழங்கு நிறுக்கிறேன்.

இன்று பிரேக்கைப் பார்க்க லாரியின் பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்த லாரியில் இடது பக்கச் சக்கரங்களைப் பிடிக்கும் ஸ்டட்டு ஆணிகளுக்கு மரை, அதாவது திருகுப் புரி, தலைகீழ். ஓட்டத்தில் நட்டு தானாகக் கழலாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். மற்ற நட்டுகளைக் கழற்றும் பக்கம் இதைத் திருப்பினால் இன்னும் இறுகும். லியோனார்ட் இறுக்கினான். அசையவில்லை என்று ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, அதன்மேல் இரண்டு பேரை ஏறி மிதிக்கச் சொன்னான். நான்கு ஸ்டட்டுகள் முறிந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் ‘லெஃப்ட்’, இடது என்பதற்கு ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கிறது. அவன் பெயரின் முதல் எழுத்து. அதைக்கூடவா படிக்கத் தெரியாது?

தராசை விட்டு எழுந்து போய்ச் சொல்ல வாயெடுத்தேன். எல்லோர் முன்னாலும் சொன்னான்: “கிராணி ஐயா, பேனா உங்களுது, ஸ்பேனர் என்னுது லா. நீங்க கெழங்கப் பாருங்க.”

சிரித்தார்கள். லீவுக்காக என் முன்னால் கைகட்டி நின்றவர்கள்.

ஜூன் 8

இன்றும் கிழங்கு. இன்றும் அந்தச் சிரிப்பு.

ஜூன் 9, புதன்

மீதி இரண்டு ஸ்டட்டுகளையும் லியோனார்ட் உளியால் வெட்டினான். துருப்பிடித்த அடித்துண்டுகள் சக்கரம் மாட்டும் ஹப்பை விட்டு வர மறுத்தன. நாள் முழுக்கச் சம்மட்டி அடி. பட்டறையா, கசாப்புக் கடையா? ஒருவழியாக மாலையில் வெளியே விழுந்தன.

புதிதுக்கு எங்கே போவது? ரப்பர் உலர்த்தும் புகைக் கொட்டகைக்குப் பின்னால் இதே மாதிரி லாரி ஒன்று செத்துக் கிடக்கிறது, இடது பக்கம் சேற்றில் புதைந்து. கைக்கு எட்டுவது வலது பக்கம்தான். அங்கிருந்து ஆறு ஸ்டட்டுகளை, நட்டுகளோடு, தட்டி எடுத்து வந்து இடது சக்கரத்தில் ஏற்றிவிட்டான். கச்சிதமாக உட்கார்ந்தன. கை தட்டினார்கள்.

சனிக்கிழமை அரிசி ஏற்ற லாரி சுங்கை பட்டாணிக்குப் போகிறது. இடது சக்கரத்தில் வலது மரை இருந்தால் ஓட ஓட நட்டுகள் தளரும். பிறகு சக்கரம் ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம். நான் ஏன் சொல்ல வேண்டும்? ஸ்பேனர் அவனுடையது.

ஜூன் 10, வியாழன்

ஜப்பானிய அதிகாரிக்கு மலாய் மொழியில் நான்கு வரி எழுதினேன். பட்டறைத் தலைவன் லாரியை வேண்டுமென்றே கெடுத்திருக்கிறான் என்று. ‘வேண்டுமென்றே’ பொய். அந்த ஒரு சொல்லுக்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியும். பம்ப் ஓட்டிய அய்யாவுவை அப்படித்தான் கூட்டிப்போனார்கள். திரும்பி வரவில்லை. தெரிந்துதான் எழுதினேன்.

நாளை அனுப்ப வேண்டும்.

ஜூன் 11, வெள்ளி

லியோனார்டின் மனைவி கேதரின் கிழங்குக் கூடையோடு வந்தாள். தராசில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். மகள் மரியாவுக்குக் காய்ச்சல் விடவில்லையாம். நாளை அந்த லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம்.

“அண்ணே, சக்கரம் நல்லாத்தானே இருக்கு? அவரு படுக்கவே இல்ல. எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றாரு. கிராணியாரக் கேளுங்கன்னேன். வெக்கமா இருக்குங்கிறாரு.”

வெட்கமாம். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை அந்தச் சக்கரத்தின் மேல் ஏற்ற வெட்கமில்லை, என்னிடம் வந்து கேட்க வெட்கம்.

நான் என்ன பதில் சொன்னேன்? கிழங்கின் எடையைச் சொன்னேன்.

அன்றே, மாலை

அதிகாரிக்கு எழுதியதை அடுப்பில் போட்டேன். வேறு தாள் எடுத்து லியோனார்டுக்கு எழுதினேன்:

இடது சக்கரத்துக்கு இடது மரை. செத்த லாரியின் இடது பக்கத்தைத் தோண்டினால் ‘எல்’ பொறித்தவை கிடைக்கும். நட்டைக் கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால் கழலும். பிடிவாதம் செய்தால் தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வை. பைப்பும் வேண்டாம், மிதிக்க ஆளும் வேண்டாம். இங்கே மாட்டியதும் எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்கு. புறப்படுமுன் செய்து முடி.

கடைசியில் ‘மடையனே’ என்று எழுதினேன். அடித்தேன். அடித்தது தெரியக் கூடாதென்று முழுவதையும் திரும்ப எழுதினேன், அச்செழுத்தைப் போல.

கையெழுத்து? என் பெயரைப் பார்த்தால் கிழித்தாலும் கிழிப்பான். கிழிக்காவிட்டால் நன்றி சொல்ல வந்து நிற்பான். அது அதைவிட மோசம். பெயர் இல்லாவிட்டால், வெள்ளைக்கார துரை விட்டுப்போன ஏதோ புத்தகத்திலிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்வான். உடனே நம்புவான். இங்கே எல்லோரும் அப்படித்தான்.

கிழங்கு மாவில் பசை காய்ச்சியாயிற்று. அவன் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, பட்டறையில் ஸ்பேனர் மாட்டும் ஆணிக்குக் கீழே ஒட்டிவிட்டு வருவேன். பெயர் போடப் போவதில்லை.