ஏசியைக் குறைத்த பின்னேரம்

அன்பின் சுரேகாவுக்கு,

உமக்கும் அம்மாவுக்கும் வற்றாப்பளை அம்மன் துணையிருக்கட்டும். அம்மாவின் கால்வீக்கம் வற்றியதா?

கட்டாரில் எங்கள் கட்டடத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. ஊரெல்லாம் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும் பின்னேரத்தில் ஏசியை இரண்டு மணிநேரம் குறைத்துப் பார்த்தார்கள். மேல்மாடி அலுவலகங்களில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் வேலை செய்யும் நிலக்கீழ் இயந்திர அறைக்குக் காற்றே வராததால் மயங்கி விழுந்துவிட்டேன். பயப்படாதேயும், தண்ணீர் தெளித்ததும் எழும்பிவிட்டேன்.

"நான் விழுந்ததைப் பரிசோதனைப் படிவத்தில எழுதினீங்களோ?" என்று எங்கள் கிளிநொச்சி இஞ்சினியர் அனோஜனிடம் கேட்டேன்.

"அந்தப் படிவம் வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கு, அண்ணை. அவையில ஒருத்தரும் முறையிடேல்லை," என்றார்.

பரிசோதனை வெற்றியாம். திங்கள் முதல் தினமும் குறைப்பார்கள். வேறு வேலை கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள்.

ஆராவது இங்கே வந்தால், நான் வீட்டில் கட்டுகிற, அலுமாரியில் கிடக்கும் பழைய சாரத்தை அவரிடம் கொடுத்துவிடும். தோய்க்க வேண்டாம், வீட்டு வாசம் போய்விடும்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. அம்மா கேட்டால், குளிரான இடத்தில்தான் வேலை என்று சொல்லும்.

உம்முடைய,
நிஷாந்தன்