வாசிக்காமல் போட்ட கையெழுத்து

கரமனை,
திருவனந்தபுரம்,
14.7.1998

அன்பு மகள் ராகேலுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம், டில்லி வெயிலில் ஆஸ்பத்திரி டியூட்டியும் பார்த்துக்கொண்டு நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் இங்கே எப்போதும் பேச்சு. இங்கே மழை விட்டபாடில்லை, அடுக்களை மூலையில் மறுபடியும் ஒழுகுகிறது.

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவைக் காரணமில்லாமல் நிறுத்தியதற்கு லேபர் ஆபீசில் புகார் கொடுக்கலாம், நிறுத்திய ஆர்டரின் நகலை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். அப்படி ஒரு ஆர்டர் கிடையாது ராகேல் மக்களே. கம்பெனி என்னை நிறுத்தவில்லை, சொந்த விருப்பத்தில் விலகிக்கொள்கிறேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உன்னிடம் சொன்னது பொய். இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்து இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. படித்தது மார்த்தாண்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம், இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் குடோனில் பில்லும் ரெஜிஸ்டரும் இங்கிலீஷிலேயே ஓடிவிட்டது, பேச்சில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் தினமும் கக்கத்தில் மலையாளப் பத்திரிகையோடு வேலைக்குப் போவேன், நீ பார்த்திருக்கிறாய். காலையில் ரேடியோவில் கேட்ட செய்தியைப் பத்திரிகையில் படித்த மாதிரி அங்கே அளப்பேன். புது மேனேஜர் ஒரு பேப்பரை நீட்டி, ராஜையன் சாரே, வாயிச்சு நோக்கிட்டு ஒப்பு போட்டா மதி என்றார். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னவரிடம், வாசிக்கத் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. வரிவரியாகக் கண்ணை ஓட்டி, நடுவில் தலையையும் ஆட்டி, கையெழுத்துப் போட்டேன். குடோன் மாற்றுகிற பேப்பராக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு அடுத்து நின்ற, என்கூட குடோனில் வேலை பார்க்கும் தாணு வாசித்துவிட்டு முடியாது என்று திருப்பிக் கொடுத்தான், அவன் இன்றைக்கும் வேலைக்குப் போகிறான். நீங்க தலையாட்டிப் போட்டதால சம்மதம்தான்னு நினைச்சேன் அண்ணாச்சி என்று பிறகு சொன்னான், அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. சட்டைப்பையிலிருந்த நகலை அம்மா எடுத்து வாசித்து, நீங்களா இப்படி எழுதிக் குடுத்தீங்க என்று கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. நாலாம் கிளாஸில் நீ மலையாளப் பாடப்புத்தகத்தோடு வந்து, அப்பா, நான் எழுத்து சொல்லித் தரட்டா என்று கேட்டாயே, உன்னை அதட்டி விரட்டினேனே, அதைத்தான் அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அம்மாதான் எனக்கு வாத்தியார். கூட்டெழுத்து வந்தால் எங்களுக்குள் தகராறுதான். கிழக்கேகோட்டையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஸ்டோருக்கு ஆள் கேட்டார்கள், போனேன். மலையாளம் வாசிக்கத் தெரியுமா என்று முதலாளி கேட்டார். தெரியாது, படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஓணம் கழிஞ்சு வா, நோக்காம் என்றார். ஓணம் முடிந்ததும் போய்ப் பார்க்கவேண்டும்.

புகார் எழுதுவதானால் நடந்ததை நடந்தபடி எழுது, அப்பனுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்பதையும் மறைக்காமல் எழுது. உனக்குத் தமிழ் கொஞ்சம்தான் வாசிக்க வரும், இதையும் ஹாஸ்டலில் உன்னோடு இருக்கும் கலைச்செல்விதான் சத்தமாக வாசித்துச் சொல்வாள் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன். அவள் கூச்சப்பட்டு எங்கேயாவது நிறுத்தினால், ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்.

கர்த்தர் உன்னைக் காத்து நடத்துவாராக. குடை எடுக்காமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
சா. ராஜையன்