ஒற்றைப் பின்னம்

எண்ணத்துக்கு முந்தியும் எண்ணுக்குள் அடங்காமலும் நிற்கும் பரம்பொருளே, இச்சொற்களில் கூடுதலும் குறைவும் நேராமல் காத்தருள்க.

நண்பரே,

இன்று காலை பூசை அலமாரியில் திருநீற்றுப் பொட்டலத்தைத் தேடியபோது நீலநிற டிஸ்கெட் ஒன்று கையில் அகப்பட்டது. மேலே உங்கள் கையெழுத்தில் "சரியாகத் தெரிவது" என்றிருந்தது. கணினியே இல்லாத வீட்டில் இது எதற்கு என்று மருமகள் கேட்டாள். நீங்கள் மறைந்து மூன்று மாதம் ஆகிறது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதத் தோன்றியது.

நில அளவை வரைபடங்கள் வரைந்து ஓய்வு பெற்ற பின், முடிவின்றி நீளும் ஒரு தொடரின் கூட்டுத்தொகையைத் தேடி இரண்டு ஆண்டுகள் செலவிட்டீர்கள். கண்ட விடையைச் சென்ற ஆண்டு இணையத்தில் ஒரு கணிதக் குழுவுக்கு அனுப்பினீர்கள். பதில் வந்ததாகச் சொல்லி, அலோர் காஜா ஊரிலுள்ள இணையக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனீர்கள். திரையில் கணக்கைக் காணோம். சாய்கோடுகளும் நெளிந்த அடைப்புக்குறிகளும் டாலர் குறிகளுமே நிறைந்திருந்தன.

"கணக்கு கேட்டா டாலரா அனுப்புறான் லா, ஐயா!" என்றீர்கள்.

குழு மடல்களைத் திரட்டித் தந்து, இப்படிச் சங்கேதமாகத் தட்டச்சிட்ட கணிதக் குறிகளையும் உரிய வடிவில் காட்டும் வாசிப்பு மென்பொருள்கள் உண்டு என்றாள் கடைக்காரச் சீனப்பெண். எது நல்லது என்று அவளுக்கும் தெரியவில்லை. அதுவரை நான் படிக்க, நீங்கள் எழுதுவது என்று முடிவாயிற்று. எந்த ஆங்கிலச் சுருக்கம் பின்னம், எது வர்க்கமூலம் என்று ஒரு தாளில் குறித்துத் தந்தீர்கள். பொருள் அறியாத எனக்கு அது புதியதொரு யாப்பாகத் தோன்றியது. சீர் பிரித்து ஓதினேன்.

"நீங்களும் ஒருதரம் பாருங்கள்" என்றேன்.

"பதிகம் பாடுற வாய் ஐயா. தப்பாது."

எழுதி முடித்ததும் உங்கள் விடையோடு ஒப்பிட்டீர்கள். உங்கள் விடை ஒரு பின்னம். பதில் எழுதிய கணித அறிஞர் தந்த இறுதி வரியிலோ அதே பின்னம் இருமுறை அடுத்தடுத்து வந்து, தன்னோடு தானே பெருகி நின்றது. சரியா பிழையா என்று அவர் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும்படி மட்டுமே எழுதியிருந்தார்.

மூன்று வாரம் அந்த இரண்டாவது பின்னம் எங்கிருந்து வந்தது என்று தேடினீர்கள். "கையால கூட்டிப் பாத்தா என் விடைகிட்டதான் போகுது. ஆனா படிச்ச மனுசன் சொல்றாரு. நான்தான் எங்கயோ சறுக்கிட்டேன்" என்றீர்கள். குருபோங்கில் உள்ள உங்கள் வீட்டில் கணக்கு நோட்டுகளைப் பழைய பேப்பர்க்காரனுக்கென்று கட்டி வைத்ததாக உங்கள் துணைவியார் என்னிடம் சொல்லி வருந்தினார்.

ஆயினும் மென்பொருளைத் தேடுவதை மட்டும் நீங்கள் விடவில்லை. இனி எதற்கு என்றேன். "தோத்த கணக்கா இருந்தாலும், அதோட முகத்த ஒரு தடவ பாக்கணும்ல?" என்றீர்கள். முதலில் கிடைத்தது வெறும் கட்டங்களைக் காட்டியது. அடுத்ததில் வர்க்கமூலக் குறி தன் எண்ணை விட்டு விலகித் தனியே நின்றது. கூட்டல் வாய்பாட்டின் அந்தப் பெரிய கிரேக்க எழுத்தையும், படுத்திருக்கும் எட்டுப் போன்ற முடிவிலிக் குறியையும் காண எனக்கும் ஆவல் பிறந்துவிட்டது. முடிவற்றதை ஓதியே பழகியவன் நான். அதற்கு ஒரு குறியிட்டுத் தாளில் வைத்திருக்கிறார்களே!

மூன்றாவது மென்பொருளை நிறுவிய அன்று எல்லாம் தத்தம் இடத்தில் நின்றன. நீங்கள் இறுதி வரியை விரலால் தொட்டீர்கள். அங்கே ஒரே ஒரு பின்னம்.

"ஐயா, இத ரெண்டு தடவயா படிச்சீங்க?"

"கடைசி அடி அல்லவா? எங்கள் கோயிலில் கடைசி அடியை இருமுறை ஓதித்தானே முடிப்போம்?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் கடைக்காரப் பெண் எழுந்தே வந்துவிட்டாள். "அங்கிள், ஓகே லா?"

நான் வெட்கித் தலைகுனிந்தேன். இரண்டாண்டு உழைப்பை என் வாயால் பழைய பேப்பருக்கு அனுப்பவிருந்தேனே! நீங்கள் என் தோளில் கை வைத்து, "நீங்க ஓதினது உங்க முறை. கண்ணு இருந்தும் பாக்காம எழுதினது நான்" என்றீர்கள். அன்று மாலையே நோட்டுக்கட்டின் கயிற்றை அறுத்தீர்கள். பிறகு அந்த மென்பொருளை ஒரு டிஸ்கெட்டில் பதிந்து, வேண்டாமென்றும் கேளாமல் என் பையில் போட்டீர்கள்.

அதன் பின் ஒரு வழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. அறுபதாண்டாக மனப்பாடமான பதிகத்தையும் ஏட்டைத் திறந்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்க்கிறேன். நாற்பதாண்டாக நான் பாடிவந்த ஓரிடத்தில் அச்சில் வேறு சொல் இருக்கக் கண்டேன். பிழை என் வாயிலா அச்சிலா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தேடல் இத்தனை இனிக்கும் என்று முன்பு நான் அறிந்ததில்லை.

உங்கள் உடல் கிடத்தியிருந்த கூடத்தில் பதிகம் ஓதும்படி என்னைக் கேட்டார்கள். நான் புத்தகத்தை விரித்ததும் உங்கள் துணைவியார் வியந்தார். "அண்ணே, உங்களுக்குமா புத்தகம்?"

"ஆமாம்மா. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றேன்.

உங்கள் இல்லத்தாரும், இம்மடலைப் படிப்போரும் அவர்தம் குடும்பத்தாரும் நோயின்றி, தெளிந்த கண்ணும் தளராத ஆவலும் பெற்று நீடு வாழ இறைவன் அருள்க.