வாளியை வலப்பக்கம் வைத்தபோது

கொழும்பு
02.05.2025

அன்பின் சுஜிதன்,

நீங்களும் மாடுகளும் சுகமாக இருப்பீர்கள். பொங்கலுக்கும் வராமல், புதுவருடத்துக்கும் வராமல் விட்டது கோபம் என்று தெரியும். ஆய்வு முடிகிற நேரம், என்ன செய்ய?

எலிக்கு முன்னால் விளக்கு எரியும். அது இடப்பக்கம் திரும்பினால் சீனித்தண்ணீர். மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து ஒவ்வொரு நரம்புக்கலமாகத் துடிப்பதைக் கேட்கிறேன். இனிப்பு நாக்கில் பட்டபிறகல்ல, விளக்கு எரிந்த உடனேயே துடிக்கிறது! எதிர்பார்ப்பைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். அடுத்த மாதம் ஆய்வாளர் சபையில் சொல்லப்போகிறேன்.

முன்பு நான் வந்திறங்கும் சனிக்கிழமைகளில் நீங்கள் இன்னும் கிளிநொச்சி ரயில் ஸ்ரேசனுக்குப் போகிறீர்களாம், மாமி சொன்னா. ஏன்?

உங்கள் யது

உருத்திரபுரம்
12.05.2025

யதுவுக்கு,

மாடுகள் சுகம். எனக்குக் கோபம்தான்.

ஒன்று கேட்கட்டுமா? எங்கள் சிவலைப் பசு தொழுவத்துக்குள் வந்ததும் இடப்பக்கம் திரும்பும். தவிட்டு வாளி அங்கேதான் இருக்கும். போன கிழமை வாளியை வலப்பக்கம் வைத்தேன். மூன்று நாள் வெறும் மூலையிலேயே போய் நின்றது. தவிட்டை நினைத்தா திரும்பியது? வெறும் பழக்கம். உமது எலிக்கு இனிப்பை வலப்பக்கம் மாற்றிப் பார்த்தீரா? அந்தக் கலம் இனிப்புக்குத் துடிக்கிறதோ, இடப்பக்கம் திரும்பத் துடிக்கிறதோ?

நான் ஸ்ரேசனுக்குப் போவதும் அப்படித்தான். கால் பழக்கம். எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை.

சுஜிதன்

கொழும்பு
30.05.2025

என் சுஜி,

மாற்றிப் பார்க்கவில்லை! வாசித்ததும் தலையில் கைவைத்துவிட்டேன். பிறகு மாற்றினேன். நாற்பது கலங்களில் இருபத்தாறு திரும்புவதற்குத்தான் துடித்தவை. பதினான்கு மட்டும் எந்தப் பக்கம் என்றாலும் இனிப்பைத்தான் எதிர்பார்க்கின்றன. சொல்ல இருந்ததில் பாதிக்கு மேல் போயிற்று, மிச்சத்தை யாரும் அசைக்க முடியாது. பேராசிரியை "இதைக் கேட்டது ஆர்?" என்றா. "என்ரை மனுசன், மாடு வளக்கிறார்" என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

ஜூன் ஏழு, சனிக்கிழமை வருகிறேன். ரிக்கெற் எடுத்தாயிற்று. ஆனால் கிளிநொச்சிக்கு அல்ல, அதற்கு முன்னாலேயே மாங்குளத்தில் இறங்குவேன். வெறும் கால் பழக்கம் என்றால் நீங்கள் கிளிநொச்சியில்தான் நிற்பீர்கள். நான் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன்.

யது

மாங்குளம்
06.06.2025, வெள்ளி

என் யது,

இதைத் தபாலில் போடவில்லை, உமது கையிலேயே தருவேன். சிவலையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து ஸ்ரேசன் வாங்குப் பலகையில் இருக்கிறேன். இராத்தங்கல் இங்கே என் கூட்டாளி சதீஸ் வீட்டில். அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்: "மச்சான், ரெயின் நாளைக்கெல்லோ!"

ஓம், நாளைக்குத்தான். எனக்கு விளக்கு உமது கடிதம் வந்த அன்றே எரிந்துவிட்டது.

உமது சுஜி