நேரமணி என் கைக்கு வந்தது

கள்ளக்குறிச்சி,
மார்கழி.

கடல் பல கடந்து அயர்லாந்துக் குளிரில் வாழும் என் அருமை மகளே, இலக்கியா! நீயும் மருமகன் செழியனும் உடல் நலத்தோடும் உள்ள மகிழ்வோடும் இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். என் தொண்டை ஒன்றுதான் இன்னும் அந்தக் கணக்கில் சேராமல் நிற்கிறது. நலம் கேட்டாயிற்று. இனி உன்மேல் நான் சாட்டும் குற்றத்தைக் கேள். நாற்பது ஆண்டுகள் மேடையில் முழங்கியவன் நான். எலவனாசூர்கோட்டையில் மழை கொட்டியபோதும் கூட்டத்தில் ஒருவரையும் எழவிடாமல் பேசியவன். அப்படிப்பட்ட என்னை, ஒரு சொல் கேளாமல், கைம்மணிப் பயிற்சியில் ‘புதியவர்’ என்று சேர்த்துவிட்டு, உன் அம்மாவை மட்டும் ‘பழகியவர்’ என்று சேர்த்தாயே, இது எந்த நாட்டு நீதி? இதைத் தொலைபேசியிலேயே கேட்டிருப்பேன், மருத்துவர்தான் என் வாயைப் பூட்டிவிட்டாரே! தை முடியும்வரை குரலை உயர்த்தக் கூடாது, மீறினால் போகும் குரல் திரும்பி வராது என்று அவர் சொன்னதையும், அதைக் கேட்டு நீ அழுததையும் நான் மறக்கவில்லை. தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா மேடையில் பேசுவதாக நான் முன்பே வாக்குக் கொடுத்திருப்பது உன் நெஞ்சில் முள்ளாய் இருப்பதும் அறிவேன். வீட்டில் விட்டால் சுவரோடாவது பேசுவேன் என்று அஞ்சித்தானே உன் பள்ளித்தோழி நௌஷீனிடம் சொல்லி என்னை இதற்குள் தள்ளினாய்? நல்ல சூழ்ச்சி, மகளே!

செருப்புக்கடை ஷேக் பரீத்தின் மகள் நௌஷீன் புதுச்சேரியில் இசை ஆசிரியையாக இருப்பது உனக்குத் தெரியும். விடுமுறைக்கு வந்தவள் தன் பள்ளி மணிகளைப் பெட்டியோடு கொண்டுவந்து, நம் தெருமுனைத் திருமண மண்டபத்தில் பயிற்சியைத் தொடங்கினாள். நீண்ட மேசையில் மெத்தை விரித்து, சிறிதும் பெரிதுமாய் மணிகளை அடுக்கி, எங்கள் கைகளில் வெள்ளை உறைகளை மாட்டிவிட்டாள். ஒரு மணிக்கு ஒரே ஒலி, ஆளுக்கு இரண்டு மணி, தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், அடித்ததும் மணியை மார்போடு அணைத்து ஒலியை அடக்க வேண்டும். அயர்லாந்தில் அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்காய் அடிப்பவள் நீ. உனக்கு இவை புதியவை அல்ல. எனக்கோ அடக்குவது என்பதே புதிது! முதல் நாள் நௌஷீன், முன்பே மணி பிடித்தவர் யார் என்று கேட்டாள். உன் அம்மா கையைத் தூக்கினாள். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் நேரமணி அடித்த பழைய பெருமைதான், வேறென்ன! “இவருக்கே எத்தினி வாட்டி அடிச்சிருக்கேன் தெரியுமா? ஒரு வாட்டி கூட நிறுத்துனதில்ல” என்று அவள் சொல்ல, மண்டபமே சிரித்தது. அவள் சொன்னது பொய்யில்லை. பேச்சை நிறுத்து என்னும் மணியோடு வாழ்நாளெல்லாம் பகைகொண்டவன் நான். அந்தப் பகை என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. பக்கத்தில் நின்ற பேருந்து நடத்துநர் சுபாஷின் மணி ஒலித்ததும், ‘இதோ முடிக்கிறேன், ஒரே நிமிடம்’ என்று கேட்பதுபோல் என் வலக்கை விரலை நீட்டிக்கொண்டு தானாக உயரும். அதற்குள் என் முறை கடந்துபோகும். “ஐயா, இன்னா கையக் காட்டிக்கினே இருக்கீங்க, ஓட்டு கேக்க வந்தீங்களா? மணிய அடிங்க” என்றான் அவன். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து நாள்தோறும் முதல் பேருந்தில் வந்த மரவள்ளி உழவர் அய்யனார், என் தொண்டைக்கென்று மலைத்தேன் கொண்டுவந்து கொடுத்து, “இத நக்கிக்கினு கம்முனு இருங்க தலைவரே” என்று அறிவுரையும் கொடுத்தார்.

நிறைவு நாள் மாலை மண்டபம் நிரம்பிவிட்டது. குழந்தைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் கைப்பேசியில் உரக்கப் பேசுகிறார்கள், நௌஷீனின் மெல்லிய குரல் முதல் வரிசையைக் கூடத் தாண்டவில்லை. ஒலிபெருக்கியோ பழுது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். “ஐயா, ஒரே ஒரு சத்தம் குடுங்க, அடங்கிடும்” என்றான் சுபாஷ். என் நெஞ்சு விம்மியது மகளே, வாயும் திறந்துவிட்டது! எதிரே உன் அம்மாவின் முகம் வெளுத்ததைக் கண்டேன். வாயை மூடிக்கொண்டு, என் கையிலிருந்த பெரிய மணியை இருமுறை ஓங்கி அடித்தேன். கூட்டம் சட்டென்று அடங்கியது. மணி அடித்தால் நேரம் முடிந்தது என்பது நம் மக்களுக்குப் பழக்கமாயிற்றே. பின்வரிசையிலிருந்து ஒருவர், “யாரு பேச்சுக்குடா மணி அடிச்சாங்க? இன்னும் ஒருத்தனும் பேசவே இல்லியே!” என்று கத்த, சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்த அமைதியில் நாங்கள் ஒரு தாலாட்டு மெட்டை வாசித்தோம். ஒரே ஓரிடத்தில்தான் தவறினேன். கடைசி ஒலி என்னுடையது. அதை அடக்க மனம் வராமல் நான் நீட்டிக்கொண்டே போக, நௌஷீன் கண்ணால் அதட்டிய பிறகே மார்போடு அணைத்தேன். கைதட்டல் எனக்குப் பழகிய ஒன்றுதான். ஆனால் வாயைத் திறக்காமலே பெற்றது இதுவே முதல்முறை.

கேட்டுக்கொண்டிருந்த மணலூர்பேட்டை விழாக்குழுவினர் உடனே வந்து, திருவிழாவில் என் பேச்சுக்கு மாற்றாக இந்த மணிகளே ஒலிக்கட்டும் என்றார்கள். நானும் இசைந்தேன். இனித்தான் சிக்கல். அந்நாளில் நௌஷீனுக்குப் பள்ளி உண்டு. நன்கு பழகியவர் பொறுப்பேற்றால்தான் மணிகளைத் தருவாளாம். பழகியவர் இதோ இருக்கிறாரே என்று உன் அம்மாவைக் காட்டினேன். “அம்மா அடிச்சது ஆள உக்கார வைக்கிற மணிப்பா, அது கணக்குல வராது. இலக்கியா வந்தா குடுக்குறேன், இல்லன்னா பெட்டி எங்கூடவே வந்துடும்” என்று சொல்லிவிட்டாள். உன் அம்மா இரண்டு நாளாக அவளோடு பேசுவதில்லை.

நீயும் செழியனும் எல்லா வளமும் பெற்று நீடு வாழ வாழ்த்துகிறேன். குளிரில் காதைப் போர்த்திக்கொள்; அவரை நேரத்துக்கு உண்ணச் சொல். அஞ்சலில் போட்டால் திருவிழாவே முடிந்துவிடும் என்பதால், அம்மா இதைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்புகிறாள். ஆகவே கடிதம் கிடைக்கவில்லை என்று நீ தப்பிக்க முடியாது. தை ஐந்தாம் நாள் மாலை, தென்பெண்ணை மணலில் கடலெனத் திரண்ட மக்கள், நீ வராவிட்டால் முன்னால் மணிகள் இல்லாத வெறும் மேடை, அதன்மேல் உயிரோடு ஓர் ஒலிவாங்கி. உன் அப்பனை நீ அறிவாய், பேசிவிடுவேன். என் குரல் உனக்கு வேண்டுமென்றால் எழுந்திரு, விடுப்புக் கேள், பயணச்சீட்டை இன்றே எடு, புறப்பட்டு வா!

உன் அன்புத் தந்தை,
தமிழழகன்