தேரடித் தெரு வீட்டுக்கு ஒரு கையெழுத்து

தேரடித் தெரு,
திருவண்ணாமலை
10.6.2024

அன்புள்ள தம்பி மாறனுக்கு,

இங்கே நான் நலம். நீயும் நந்தினியும் எப்படி இருக்கிறீர்கள்? போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா"னு வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கத்தில் லாட்ஜ் கட்டப் பள்ளம் தோண்டியதில் நம் வடக்குச் சுவர் மாடி வரை விரிசல் விட்டுவிட்டது. கட்டடக்கலைக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து அளந்தார்கள். "தேக்குப் பால்கனியும் சுதை வேலையும் முழுசா மிஞ்சியிருக்கறது இந்தத் தெருவுல இது ஒண்ணுதாங்க"ன்னாள் ஒரு பெண். சுண்ணாம்புப் பூச்சிலேயே சரிசெய்து தருவதாகத் தருமன் மேஸ்திரி சொல்கிறார். ஆனால் வீடு நம் இருவர் பெயரிலும் இருக்கிறது. உன் கையெழுத்து இல்லாமல் நகராட்சி அனுமதி கிடைக்காது. விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். தயவுசெய்து தள்ளிப்போடாதே.

உன் அக்கா
ரேணுகா


8.7.2024

மாறனுக்கு,

நாலு வாரமாகிறது. நேற்று மழையில் பால்கனிக் கைப்பிடி பிய்ந்து தெருவில் விழுந்தது. கீழே பூ விற்கும் சந்திரம்மாள் ஓரடி தள்ளி உட்கார்ந்திருந்ததால் தப்பித்தாள். "சரி பண்றதுன்னா பண்ணுங்க, இல்லாங்காட்டி இடிச்சுடுங்கம்மா"னு கத்தினாள். நியாயம்தானே?

நகராட்சி என்ஜினியர் வந்து பார்த்துவிட்டு ஆகஸ்ட் எட்டு வரை கெடு வைத்திருக்கிறார். அதற்குள் விண்ணப்பம் கொடுக்காவிட்டால் இடிக்க வேண்டுமாம். ஒரு பக்கம் கண்ணாடி லாட்ஜ், மறுபக்கம் லாட்ஜுக்குத் தோண்டிய பள்ளம். நடுவில் நான் ஒருத்தி எல்லோரிடமும் பேச்சு வாங்குகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாவது எழுதேன்.

ரேணுகா


புனே
15.7.2024

அக்காவுக்கு,

வேண்டாம். இடிக்கட்டும்.

உனக்கு அது தேக்கு, சுதை. எனக்கு அது வாசற்படி. பதினோரு வருடத்துக்கு முன்னால் நந்தினியைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தேன். "அந்த சாதிப் பொண்ணு இந்த வாசல்ல கால் வெக்கக் கூடாது"ன்னார் அப்பா. நான் உள்ளே அவரிடம் கெஞ்சிய இரண்டு மணி நேரமும் அவள் வெயிலில், தெருவில் நின்றாள். நீ பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவரவில்லை.

அப்பா போன பிறகாவது அதைப் பற்றி ஒரு வரி எழுதினாயா? சுவர் விரிசலுக்கு இரண்டு கடிதம் எழுதுகிறாய்.

மாறன்


திருவண்ணாமலை
22.7.2024

அன்புள்ள மாறனுக்கு,

உண்மைதான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பாவுக்குப் பயந்தேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. இறங்கி வந்திருக்கலாம்.

நந்தினிக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நீ பிரிக்காமல் அவளிடம் கொடு. வீடு இருக்கட்டுமா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும். இடி என்றால் இடித்துவிடலாம். நான் அடி அண்ணாமலையில் ஒரு வீடு வாடகைக்குப் பார்த்துக்கொள்கிறேன். உன்மேல் வருத்தமில்லை.

அக்கா


புனே
1.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நந்தினி உன் கடிதத்தை மூன்று முறை படித்தாள். என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குச் சொல்லவில்லை. இதை மட்டும் சொன்னாள்:

"அன்னிக்கு ரெண்டு மணி நேரம் எனக்கு வேற வேலையே இல்ல. உங்க வீட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன். அவ்ளோ அழகா இருந்துச்சு. அதான் ஜாஸ்தி கோவம் வந்துச்சு. இடிக்க வேணாம், கையெழுத்து போட்டுடுங்க. ஆனா நான் வரமாட்டேன்."

போட்டுவிட்டேன். இதோடு இருக்கிறது. வேலை முடிந்ததும் படம் அனுப்பாதே, அக்கா. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது, என்ன சமைத்தாய் என்று எழுது. அதற்குப் பதில் போடுகிறேன்.

மாறன்