தேனீப் பெட்டிக்கு வைத்த விளக்கு

வேங்கிக்கால்,
29.12.85, ஞாயிறு

என் கண்ணு கஸ்தூரிக்கு, உன் அம்மா ஆதிலட்சுமி எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், அண்ணாமலையார் அந்தக் குறை வைக்கவில்லை, அங்கே உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். போன மாசம் சொன்ன இருமல் நின்றதா, கோயம்புத்தூர் பனியில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு காலேஜுக்கு ஓடாதே. நம் செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் கம்மி. ஏரியில் தண்ணீர் நிற்கிறது, கிணற்றடிக் கொல்லையில் மல்லாட்டை விதைக்கலாம் என்று அப்பா ஏர் பூட்டியிருக்கிறார். இன்லண்டில் அடங்காது என்று வெள்ளைத்தாளும் கவரும் வாங்கி வந்து எழுதுகிறேன். இவ்வளவு நேரம் மாட்டையும் ஏரியையும் எழுதியது சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் தேனீப் பெட்டி காலியாகி ஒரு மாசம் ஆகிறது.

திடுக்கென்று இருக்கும், உட்கார்ந்து படி. தீபத்தன்று சாயந்திரம் வழக்கம்போல வீட்டை இருட்டாக வைத்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டு நின்றோம். உச்சியில் ஜோதி தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நான் அகல்களை ஏற்ற ஆரம்பித்தேன். வாசல், மாடம், கிணற்று மேடை, மாட்டுக்கொட்டகை, எருக்குழி என்று ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டு வந்தேன். எருக்குழிக்கே ஒரு விளக்கு உண்டு, பகலெல்லாம் உழைக்கிற ஜீவனுக்கு இல்லையா என்று முருங்கை மரத்தடியில் இருந்த உன் பெட்டிக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுக் காசியம்மாள்கூட, இன்னா அண்ணி, ஈக்கெல்லாமா விளக்கு வைக்கிற, குடுத்து வச்ச ஈங்கதான் போ என்று சிரித்தாள். விளக்கை வாசலில்தானே வைப்பார்கள் என்று அவை வந்து இறங்குகிற அந்தச் சின்னப் பலகையிலேயே வைத்தேன். இருக்கிறதிலேயே பெரிய அகல், எண்ணெய் முட்ட ஊற்றினேன், காற்றில் அணையக்கூடாது என்று உடைந்த ஓடு ஒன்றை அணைப்பாக வேறு நிறுத்தினேன். உன் படிப்பு நல்லபடியாக முடியட்டும் என்று வேண்டிக்கொண்டு, காசியம்மாளோடு மலை சுற்றப் போய்விட்டேன்.

விடிந்து வந்து பார்த்தால் பலகை முழுக்கச் செத்த தேனீ. வெளிச்சத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வெளியே வந்து, இறக்கை கருகியும் எண்ணெயில் விழுந்தும் கிடந்தன. முறத்தில் அள்ளினேன், அரைப்படிக்குக் குறையாது. மிச்சம் இருந்தவை இரண்டு நாள் உள்ளேயே கிடந்தன. மூன்றாம் நாள் பதினோரு மணி வெயிலில் இரைச்சலோடு மொத்தமாகக் கிளம்பி, கிணற்றுக்கு மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டு மலைப் பக்கம் போய்விட்டன. நான் ஏரிக்கரை வரைக்கும் பின்னாலேயே ஓடினேன், ஓடி என்ன செய்வதாக இருந்தேன் என்று எனக்கே தெரியாது. திரும்பி வந்து நீ வைத்துவிட்டுப் போன நோட்டை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் பக்கத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் ராத்திரி வெளிச்சம் வைக்கவே கூடாது என்று எழுதிச் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். நான் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிற பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எல்லாம் தெரிந்தவள் மாதிரி இருந்திருக்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்த என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

இதுவாவது தெரியாமல் செய்தது. அடுத்ததைத் தெரிந்தே செய்தேன். உன் காலேஜ் வேலைக்காக வாராவாரம் தேனீயை எண்ணி அனுப்புகிற கார்டில், அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். மறுநாள் முதல் உனக்குப் பரீட்சை என்று எழுதியிருந்தாய், பரீட்சை முடியட்டும் என்று ஒரு கார்டு பொய்யாக எழுதிப் போட்டேன். பழைய கார்டுகளுக்கு நான் எடுத்து வைத்த நகலைப் பார்த்து, காலை எட்டு மணிக்குப் பத்து நிமிஷத்தில் இத்தனை தேனீ வந்தது, இத்தனை காலில் பூந்தூள் இருந்தது என்று இட்டுக்கட்டினேன். மழை பெய்த வாரம் எண்ணிக்கையைக் குறைத்துக்கூட எழுதினேன், பொய்யில் அவ்வளவு அக்கறை. அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று நாலு கார்டு ஆகிவிட்டது. காலிப் பெட்டியில் மெழுகுப் பூச்சி ஏறிக் கூடெல்லாம் நூலாம்படையாகிவிட்டது.

வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. பனிக்காலத்திலும் உன் பெட்டி மட்டும் வாடவில்லை என்று உங்கள் சார் வகுப்பில் பாராட்டினார், பொங்கல் கழித்து எல்லாச் சார்களுக்கும் முன்னால் நீ இந்தக் கணக்கைப் படித்துக் காட்டப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். அந்த இடம் வரை பெருமையாகத்தான் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதற்குக் கீழே, சேலத்துப் பெண் பொன்னியின் பெட்டியில் தேனீ பாதியாகக் குறைந்துவிட்டது, கஸ்தூரி வீட்டில் முடிகிறது, உன் வீட்டில் மட்டும் ஏன் முடியவில்லை, கவனமில்லாத பெண் என்று சார் சொல்லப்போய் அவள் விடுதியில் சாப்பிடாமல் அழுதாள் என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறது. நான் அடுப்படியில் உட்கார்ந்து கற்பனையில் எழுதியதை வைத்து அதைத் திட்டியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். ஈ போனா போவுது, புள்ள படிப்பு போவக்கூடாது, அந்த வாத்தியாரு இங்க வந்தா எண்ணப்போறாரு, நீ வாய மூடிக்கினு இரு என்று சொன்னார். அவர் மேல் தப்பில்லை, உன் மேல் இருக்கிற பாசம் அப்படிப் பேச வைக்கிறது. நானும் இரண்டு நாள் அவர் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆயுதபூஜை லீவில் நீ அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது, என்ன சத்தம் என்று கேட்ட கண்டக்டரிடம் ஆர்மோனியம் என்று சொன்னது, முதல் நாளே கண் இமையில் கொட்டு வாங்கி, ஒரு கண் மூடியபடியே நோட்டில் எழுதியது எல்லாம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஆர்மோனியப் பொய்யால் யாரும் அழவில்லை, கண்ணு.

அதனால் இந்தக் கடிதத்தை அப்படியே சாரிடம் காட்டு. தப்பு அம்மாவுடையது, எனக்கே இப்போதுதான் தெரியும் என்று சொல். மார்க் குறைத்தால் குறைக்கட்டும், திரும்பச் செய்யச் சொன்னால் செய், பெட்டியைச் சுரண்டிக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். என் மேல் கோபப்படு, எவ்வளவு வேண்டுமானாலும் படு. எனக்கு இருக்கிற பயம் வேறு. அப்பாவுக்கு முட்டிவலி கம்மி என்று நான் எழுதினால்கூட, இது நிஜமா, மனசுக்காக எழுதினாளா என்று இனி நீ யோசிப்பாயே, அதுதான். கம்மி என்பது நிஜம். கன்று போட்டதும் நிஜம், வேண்டுமானால் காசியம்மாளுக்குக் கடிதம் போட்டுக் கேட்டுக்கொள்.

நீ நீண்ட ஆயுசோடு, தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், அதற்குத்தான் தினமும் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். சாரிடம் போவதற்கு முன்னால் பொன்னியிடம் சொல்லிவிடு, மறந்துவிடாதே. பொங்கலுக்கு வர மனசு இருந்தால் வா.

இந்த வாரக் குறிப்பும் எழுதிவிடுகிறேன், இன்று காலை முருங்கை மரத்தடியில் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தது. மணி எட்டு, பத்து நிமிஷம். மழை இல்லை, லேசான பனி. முருங்கை பூத்திருக்கிறது. பெட்டிக்கு வந்த தேனீ, ஒன்றும் இல்லை.

உன் அம்மா,
த. ஆதிலட்சுமி